கூறைச் சேலையும் ஏரோது மன்னனும்

எங்களிடம் கல்யாணப் படம் இல்லாமல் போனதற்கு ஒரே காரணம், படம் எடுத்தவருடைய அவசரம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், லண்டனின் கிழக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோயிலில், நாற்பது பேர் முன்னிலையில் எங்கள் கல்யாணம் நடந்தது. இவருடைய நண்பர் ஒருவர் இரவல் கமராவோடு வந்து, ஐயரின் முதுகை இடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி எடுத்தார். தாலி கட்டி முடிந்ததும், பிலிம் முடிந்துவிட்டதா என்று பார்ப்பதற்காகக் கமராவின் பின்கதவைப் பட்டென்று திறந்தார். கழுவி வந்ததில் ஒரே ஒரு படம்தான் தேறியது. அதில் என் முழங்கையும் ஒரு வாழைக்குலையும் இருந்தன.

மாமி, இவருடைய அம்மா, யாழ்ப்பாணத்தில் இருந்தார். அப்போது போர் நடந்ததால் அங்கிருந்து ஒரு கடிதம் வர இரண்டு மாதமாகும், மூன்று மாதமும் ஆகும். யாராவது கொழும்புக்குப் போகிறவர் கையில் கொடுத்து, அவர் தபாலில் போட்டு, அது எங்கள் கதவுக்கு வரும். ஒவ்வொரு கடிதத்தின் கடைசி வரியும் ஒன்றுதான்: கல்யாணப் படம் இன்னும் கிடைக்கவில்லை. இவர் இரண்டு தடவை, தபாலில் தொலைந்திருக்கும் என்று எழுதிவிட்டார். மூன்றாவது தடவை என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தார்.

நாங்கள் ஃபாரஸ்ட் கேட் என்ற பகுதியில் ஒரு வீட்டின் மேல்மாடி அறையில் இருந்தோம். இவருக்குச் செக்யூரிட்டி வேலை. எனக்குப் பக்கத்து ஊரான பார்க்கிங்கில் ஒரு சான்ட்விச் தொழிற்சாலையில் மாலை ஷிப்ட். அவர் வேலை முடிந்து படி ஏறும்போது நான் இறங்குவேன். "சோறு மூடி வைச்சிருக்கு." "ஓம், கவனமாப் போம்." கல்யாணமாகி முதல் இரண்டு வருடமும் எங்கள் குடும்பப் பேச்சு பெரும்பாலும் அந்தப் படிக்கட்டில்தான் நடந்தது.

கீழ் வீட்டில் மன்னாரைச் சேர்ந்த ஓர் அக்கா இருந்தார். பகலில் ஆஸ்பத்திரி ஒன்றில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை, மற்ற நேரமெல்லாம் கோயில், அதாவது எங்கள் தெருவின் முடிவில் இருந்த மாதா கோயில். யேசு பிறப்பைக் காட்டும் நத்தார் நாடகத்துக்கான உடுப்புப் பெட்டி அவருடைய பொறுப்பு. அவரிடம் நல்ல கமரா ஒன்றும் இருந்தது. முதல் நன்மை வாங்கும் பிள்ளைகளைப் படமெடுப்பதும் அவர்தான்.

ஓர் ஆகஸ்ட் மாத வெள்ளிக்கிழமை, இவர் வந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"நாளைக்கும் நாளையிண்டைக்கும் ஒரு பார்க்கில டியூட்டி. பழைய காலத்துச் சந்தையாம்."

"எந்தக் காலம்?"

"ஐந்நூறு வருசத்துக்கு முந்தினது. வெள்ளையள் அந்தக் காலத்து உடுப்புப் போட்டுக்கொண்டு வருவினமாம். குதிரை, வாள்சண்டை, பாட்டு எண்டு ரெண்டு நாளும் நடக்குமாம்."

"நானும் வரட்டோ? நாளைக்கு எனக்கு ஷிப்ட் இல்லை."

"வேண்டாம், வேண்டாம்," என்றார் அவசரமாக. "ஒரே சேறு."

மூன்று கிழமையாக லண்டனில் ஒரு துளி மழை இல்லை. நான் கீழே போய் அக்காவிடம் சொன்னேன்.

அக்காவுக்கு அந்தச் சந்தையைப் பற்றி ஏற்கெனவே தெரிந்திருந்தது. கோயில் மண்டபத்துப் பலகையில் துண்டுப்பிரசுரம் ஒட்டியிருந்ததாம். அந்தக் கால உடுப்போடு வருகிறவர்களுக்கு உள்ளே போக ரிக்கற் தேவையில்லை என்றும் அதில் போட்டிருந்ததாம்.

"பிள்ளை, உம்மட கூறை எங்க?" என்று கேட்டார் அக்கா.

"சூட்கேசுக்குள்ள."

"எடுத்துக் கட்டும். நகையளையும் போடும். நான் கமராவைக் கொண்டுவாறன். உம்மட மனுசனையும் பக்கத்தில நிப்பாட்டி ஒரு படம் எடுத்தால், மாமிக்கு அனுப்பலாம்."

"அக்கா, இது ஐந்நூறு வருசத்துக்கு முந்தின உடுப்பு இல்லையே."

"ஐந்நூறு வருசத்துக்கு முந்தி எங்கட பொம்பிளையள் என்ன, கவுணோ போட்டவை?"

மறுநாள் காலை பத்து மணிக்கு நான் சிவப்புக் கூறையும், அட்டியலும், தலையில் பூவுமாகப் படியிறங்கினேன். கீழே எனக்காகக் காத்து நின்றவர் நத்தார் நாடகத்து ஏரோது மன்னன். ஊதாத் திரைச்சீலையில் தைத்த நீண்ட அங்கி, தங்கத் தாள் ஒட்டிய அட்டைக் கிரீடம், இடுப்பில் மரவாள், காதுகளில் இறப்பர் நாடாவால் மாட்டிய பஞ்சுத் தாடி.

"என்னக்கா இது?"

"மாதாவின்ர உடுப்பு எனக்கு அளவில்லை. இடையர் உடுப்பு மணக்குது. ஏரோது மட்டுந்தான் என்ர சைஸ்," என்றார் தாடிக்குள்ளிருந்து.

இரண்டு பஸ் மாறிப் போனோம். அக்காவின் ஒரு கையில் கூடை, மறுகையில் கமரா. லண்டன் பஸ்ஸின் பெருமையைச் சொல்ல வேண்டும். ஒருவர்கூட எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏரோதுக்குப் பக்கத்தில் இருந்த மனிதர் தன் பேப்பரை ஒரு பக்கம் திருப்பினார், அவ்வளவுதான்.

பூங்கா வாசலில் நீண்ட வரிசை. முன்னால் வெல்வெட் தொப்பிகள், இறகுகள், தரை கூட்டும் பாவாடைகள், ஒரு முழு இரும்புக் கவசம். வரிசையின் தலைப்பில் நீளமான ஒரு மேசை போட்டு, எல்லோருடைய பையையும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாள் கொண்டுவந்தவர்களின் வாளை உறையோடு சேர்த்துச் சிவப்பு நாடாவால் கட்டி அனுப்பினார்கள், உள்ளே யாரும் உருவாமலிருக்க.

அந்த மேசையைக் கண்டதும் எனக்குக் கை வியர்த்தது. லண்டனுக்கு வருவதற்கு முன் நான் கடந்து வந்த மேசைகள் வேறு. கொழும்புக்கு வரும் வழியெல்லாம் பையைக் கொட்டு, அடையாள அட்டையைக் காட்டு, ஏன் வந்தாய், யாரிடம் போகிறாய். அந்த வரிசைகளில் யாரும் சிரிக்கமாட்டார்கள். இங்கே என் முன்னால் நின்ற கவசக்காரர், தன் முகமூடியைத் தூக்கிவிட்டு ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இது வேறு வரிசை என்பது எனக்கு விளங்கினாலும் என் கைகளுக்கு விளங்கவில்லை. அக்கா கவனித்திருக்க வேண்டும். கூடையைக் கமரா இருந்த கைக்கு மாற்றிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்போதுதான் வாசலின் இரண்டு பக்கமும் நின்ற காவலர்களைப் பார்த்தேன். செக்யூரிட்டிக்காரர்களுக்கும் வேஷம் போட்டுவிட்டிருந்தார்கள். சிவப்புச் சட்டை, பூசணிக்காய் மாதிரி ஊதின அரைக் காற்சட்டை, அதற்குக் கீழே தொடையிலிருந்து பாதம் வரை தோலோடு ஒட்டிய மஞ்சள் டைட்ஸ், இறகு வைத்த தொப்பி, கையில் ஆளை விட உயரமான ஈட்டி. வலப்பக்கத்துக் காவலர் ஒரு காலில் பாரத்தைப் போட்டு மறுகாலைத் தளர விட்டு நின்றார். அந்த நிலை எனக்குத் தெரியும். இவர் தோசைக்கல்லுக்கு முன்னால் அப்படித்தான் நிற்பார்.

சேறு என்று சொன்னது ஏன் என்று புரிந்துவிட்டது.

அவரும் எங்களைக் கண்டுவிட்டார். முகம் சட்டையின் நிறத்துக்கு வந்தது. நாங்கள் கிட்டப் போனதும், உதடு அசையாமல் சொன்னார்.

"நீர் ஏன் வந்தனீர்? என்னைத் தெரியாத மாதிரிப் போம்."

"சரி," என்றேன். சிரிப்பை அடக்கியதில் என் மூக்குத்தி கழன்றுவிடும் போலிருந்தது.

மேசைக்குப் பின்னால் இருந்தவர் இவருடைய சூப்பர்வைசர். கரீபியன் தீவொன்றிலிருந்து வந்த, ஆறடி உயரமான பெண். அவருக்குக் கொடுத்த வேஷம் கன்னியாஸ்திரி. கறுப்பு அங்கி, வெள்ளை முக்காடு, இடுப்பில் ஜெபமாலைக்குப் பக்கத்தில் வோக்கிடோக்கி. அக்கா அவரை உண்மையான கன்னியாஸ்திரி என்று நம்பிவிட்டார். கிரீடத்தைக் கழற்றி, தலை குனிந்து, "குட் மோர்னிங் சிஸ்டர்" என்றார். ஏரோது மன்னன் அப்படிப் பணிந்ததைப் பார்த்து வரிசையில் இருந்த இரண்டொருவர் கைதட்டினார்கள்.

சூப்பர்வைசர் மரவாளுக்கு நாடா கட்டினார். கூடையைத் திறந்து, கேக் வெட்டுவதற்கு வைத்திருந்த கத்தியை எடுத்து, போகும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று ஒரு பெட்டியில் போட்டார். கமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நல்ல கமரா என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இது மிக அழகாக இருக்கிறது. ஆனால் இது அந்தக் காலத்து உடையா? இல்லையென்றால் நீ ரிக்கற் எடுக்க வேண்டும்."

அவர் இவரைத் திரும்பிப் பார்த்தார்.

"நீதானே அந்தப் பக்கத்து ஆள். நீ சொல். ஐந்நூறு வருடத்துக்கு முன் இப்படி உடுத்தினார்களா?"

இவர் ஈட்டியை நிமிர்த்திப் பிடித்தார். என் கூறையைக் கரையிலிருந்து தலைப்பு வரை, முதல் தடவை பார்ப்பதுபோலப் பார்த்தார். பார்க்கப்போனால், கல்யாணத்தன்று ஹோமப் புகையில் அவர் ஒழுங்காகப் பார்த்திருக்கவும் மாட்டார்.

"ஓம் மேடம்," என்றார் ஆங்கிலத்தில், நீதிபதி மாதிரி. "இது அரச குடும்பத்துப் பெண்கள் உடுத்துவது."

"அப்படியானால் உள்ளே போகலாம், மகாராணி."

அத்தோடு முடிந்திருக்கும். ஆனால் அக்காவுக்கு மனம் கேட்கவில்லை. கூடையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து நீட்டினார்.

"தம்பி, விடிய ஒண்டும் சாப்பிடாமல் வந்திட்டீங்கள் எண்டு இவ சொன்னா. ரெண்டு மட்டன் ரோல்ஸ் இருக்கு, பிடியுங்கோ. அந்தக் கம்பை ஒருக்கா இங்க தாங்கோ, நான் வைச்சிருக்கிறன்."

அரசனின் கைக்கு ஈட்டியும் காவலரின் கைக்கு ரோல்ஸும் மாறியதைச் சூப்பர்வைசர் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவர்களை உனக்குத் தெரியுமா?"

இவர் வாய்க்குள் இருந்ததை விழுங்கினார். "இது என் மனைவி," என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "இது கீழ் வீட்டு ராஜா."

அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் முக்காடு கழன்றுவிட்டது.

உள்ளே போனால், ஐந்நூறு வருடத்துக்கு முந்தைய இங்கிலாந்து முழுவதும் கையில் கமராவோடு திரிந்தது. கொல்லன் இரும்பு அடிப்பதை ஒரு பிரபு படமெடுத்தார். பிரபுவை ஒரு பிச்சைக்காரன் படமெடுத்தான். கொஞ்ச நேரத்தில் எல்லோரும் எங்களைப் படமெடுக்கத் தொடங்கினார்கள். ஏரோதுக்கும் எனக்கும் நடுவில் நின்று, தோளில் கை போட்டு, வாளை வாங்கிப் பிடித்து. எங்கள் கல்யாணத்தன்று இதில் பத்தில் ஒரு பங்கு ஆட்களாவது கமரா கொண்டு வந்திருக்கலாம் என்று நினைத்தேன்.

சந்தைக்கு ஓர் இராணியும் இருந்தார். வெள்ளை பூசிய முகம், சிவப்புப் பொய்முடி, பின்னால் பத்துப் பேர் பரிவாரம். ஊர்வலமாக வந்தவர் எங்களைக் கண்டு நின்றார். எந்த நாட்டு அரச குடும்பம் என்று கம்பீரமாக விசாரித்தார்.

அக்கா தயங்கவேயில்லை. "ஜெருசலேம்," என்றார்.

"நீங்கள்?"

"ஃபாரஸ்ட் கேட்," என்றேன்.

இராணி முகத்தில் ஒரு தசையும் அசையாமல் தலை தாழ்த்தி, "ஃபாரஸ்ட் கேட்டோடு நமக்கு நீண்ட கால நட்பு உண்டு," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

மதியம் வாசலுக்குத் திரும்பினோம். நாங்கள் வந்த வேலை அதுதானே. ஆனால் இவர் ஒப்பவில்லை.

"டியூட்டியில நிக்கிறன். ஏலாது. அதோட, இந்தக் கோலத்திலயோ?"

"தம்பி, முகத்தை மட்டும் எடுக்கிறன்," என்றார் அக்கா.

"அக்கா, நீங்கள் முகத்தை மட்டும் எடுத்த படம் ஒண்டும் நான் இன்னும் பார்க்கேல்லை."

சண்டை எதைப் பற்றி என்று சூப்பர்வைசர் கேட்டார். நான் சொன்னேன். வாழைக்குலை வரைக்கும் சொன்னேன். அவர் தன் கைக்கடிகாரத்தைப் பார்த்து, "உனக்குப் பத்து நிமிடம் இடைவேளை," என்று இவருக்கு உத்தரவிட்டார். ஓக் மரம் ஒன்றின் கீழ் நான் நின்றேன், பக்கத்தில் ஈட்டியோடு அவர் நின்றார். கூட்டம் ஓடிவந்து குறுக்கே விழாமல் சூப்பர்வைசர் எங்கள் பின்னால் கைகளை விரித்து மறித்துக்கொண்டு நின்றார். அக்கா தாடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு மூன்று படம் எடுத்தார்.

"இன்னும் நாலு படம் மிச்சம் இருக்கு. குதிரையளுக்கு வைச்சிருப்பம்," என்றார்.

குதிரைச் சண்டை தொடங்கியபோதுதான் கமரா இல்லை என்று தெரிந்தது. அக்கா கூடையைக் கவிழ்த்தார், அங்கியை உதறினார். அந்தச் சுருளுக்குள் எங்கள் கல்யாணப் படம் இருந்தது, இரண்டாவது தடவையும் போய்விட்டது என்றால் இனிப் படமே வேண்டாம் என்று தோன்றியது. எலுமிச்சைச் சாறு விற்ற கடை, மரப் பாவைக்கூத்து நடந்த இடம், கழிப்பறை என்று நடந்த பாதையெல்லாம் திரும்ப நடந்தோம். கூறையோடு வேகமாக நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் அறிந்தேன்.

அந்தச் சந்தையில் அறிவித்தல் சொல்ல ஒலிபெருக்கி இல்லை. பெரிய வயிறும் பெரிய கைமணியும் கொண்ட ஒரு மனிதர்தான் இருந்தார். அவர் மணியை அடித்து, தொண்டை கிழியக் கத்தினார்: ஜெருசலேம் அரசர் தன் கமராவைத் தொலைத்துவிட்டார், கண்டெடுத்தவர்கள் வாசலில் ஒப்படைக்கவும். சுற்றியிருந்தவர்கள் நாடகத்தில் ஒரு பகுதி என்று நினைத்து ஆரவாரித்தார்கள். அக்காவுக்கு அழுகை வந்துவிட்டது.

ஒரு மணித்தியாலம் கழித்து வாசலுக்குப் போனபோது, கமரா சூப்பர்வைசரின் மேசையில் இருந்தது. சாறு விற்ற பெண் கொண்டுவந்து கொடுத்தாராம். அக்கா அதைக் குழந்தையைத் தூக்குவதுபோல் தூக்கி முத்தமிட்டார். பிறகு மிச்சப் படங்களைக் காட்டும் எண்ணைப் பார்த்தார். முகம் மாறியது.

"பிள்ளை, நாலு படம் மிச்சம் இருந்தது. இப்ப ஒண்டும் இல்லை. ஆரோ எடுத்து முடிச்சிட்டாங்கள்."

"போகட்டும் அக்கா. கமரா கிடைச்சதே."

"குதிரைக்கு வைச்சிருந்தனான்," என்றார். சூப்பர்வைசர் மிகக் கவனமாக வேறு ஒருவருடைய பையைச் சோதித்துக்கொண்டிருந்தார்.

மாலை ஆறு மணிக்கு இவருக்கு வேலை முடிந்தது. உடுப்பு மாற்றும் கூடாரத்துக்குப் போனவர் அதே மஞ்சள் கால்களோடு திரும்பி வந்தார். வேறொரு காவலர் இவருடைய பையைத் தன்னுடையது என்று மாறி எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். காற்சட்டை அதற்குள். ஆகவே வெயில் சாயாத அந்த மாலையில், கூறையும் டைட்ஸும் தாடியுமாக மூன்று பேரும் பஸ் ஏறினோம். முதல் பஸ்ஸில் இவர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார். இரண்டாவது பஸ்ஸில் ஒரு கிழவர், ஆட்டம் எத்தனைக்கு எத்தனை என்று கேட்டார், ஏதோ விளையாட்டுக் கூட்டம் என்று நினைத்து. "நாங்கள் வென்றுவிட்டோம்," என்றார் இவர். வீடு வரும்வரை அக்காவின் கிரீடம் அவர் தலையில்தான் இருந்தது.

அடுத்த கிழமை கடையிலிருந்து படங்களை எடுத்துக்கொண்டு வந்தது நான். வீடு வரும்வரை பொறுக்க முடியாமல் நடைபாதையிலேயே உறையைப் பிரித்தேன். ஓக் மரத்தடிப் படம் மூன்றும் நன்றாக வந்திருந்தன. கடைசி நான்கு படங்களில் முதலாவதில் ஒரு பெரிய கட்டைவிரலும் கறுப்பு அங்கியின் கையும். அப்போதே எடுத்தது யாரென்று தெரிந்துவிட்டது. இரண்டாவதில் வாசல் கலங்கலாகத் தெரிந்தது. மூன்றாவதில் இவர் புல்லில் ஒரு முழங்காலில் நின்றார். முன்னால் சக்கர நாற்காலியில் காகிதக் கிரீடம் வைத்த ஒரு வயதான வெள்ளைக்காரப் பெண், தன் கைத்தடியால் இவருடைய தோளைத் தொட்டு, இவருக்கு வீரப்பட்டம் கொடுத்துக்கொண்டிருந்தார். நான்காவதில் இவர் எழும்பிவிட்டார். தொப்பி விழுந்துவிட்டது. தலையைப் பின்னால் சாய்த்து, வாயை முழுதாகத் திறந்து, கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டிருந்தார். கடைவாய்ப் பல்லில் ஒன்று இல்லை என்பதை நான் அப்போதுதான் கண்டேன்.

இரண்டு வருடமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். இப்படிச் சிரிக்கும் இந்த மனிதரை எனக்குத் தெரியாதே என்று நினைத்து, வீதியில் சனம் இடித்துக்கொண்டு போக, அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அன்று மாலை ஷிப்டுக்குப் பத்து நிமிடம் பிந்தித்தான் போனேன். படிக்கட்டில் இவரை மறித்து, இருத்தி, ஒவ்வொரு படமாகக் காட்டினேன்.

"உந்தப் படத்தை ஆர் எடுத்தது?" என்று பதறினார்.

"உங்கட சிஸ்டர்," என்றேன்.

மாமிக்கு ஓக் மரத்தடிப் படங்களில் சிறந்ததை அனுப்பினோம். பதில் மார்கழியில் வந்தது. மகனை எப்போதும் தம்பி என்றே எழுதும் மாமியின் கடிதத்தை இவர் உரத்து வாசித்தார். படம் இரண்டு கை மாறி வந்து சேர்ந்துவிட்டதாம். கூறை நல்ல எடுப்பாக இருக்கிறதாம், மருமகள் கொஞ்சம் மெலிவாம். "தம்பிக்கு அங்கை ஒரு வேட்டி கிடைக்கேல்லையோ? கையிலை வேல் வைச்சிருக்கிறது நல்லதுதான். பின்னாலை கறுப்பு உடுப்போடை நிக்கிறது ஆர், பொம்பிளை ஐயரோ?"

நான் சிரித்துக் களைத்துவிட்டேன். இவர் சிரிக்கவில்லை, பேனாவை எடுத்துக்கொண்டு மேசையில் உட்கார்ந்தார். அதுவரை தாய்க்கு எழுதிய கடிதங்களில், ஒரு கொம்பனியில் வேலை என்பதற்குமேல் இவர் ஒன்றும் எழுதியதில்லை. அன்று நான்கு பக்கம் எழுதினார். வாசல்களில் நிற்பது, பைகளைத் திறந்து பார்ப்பது, எத்தனை மணித்தியாலம் நின்றால் முழங்கால் நோகும், இராணி, ஏரோது, மஞ்சள் டைட்ஸ் எல்லாவற்றையும் எழுதினார். வீரப்பட்டத்தை எழுதியபோது மட்டும், "இதுக்கு என்ன தமிழ்?" என்று என்னைக் கேட்டார்.

அடுத்த கோடை வந்ததும் இவர் தானாகவே ஒபிசுக்கு ரெலிபோன் எடுத்து, தன்னை அந்தச் சந்தைக்கே அனுப்பச் சொல்லிக் கேட்டார். அவர்கள் வால்தம்ஸ்டோவில் ஒரு கார் பார்க்குக்கு அனுப்பினார்கள்.